ஒரு மெழுகுவர்த்தியின் விலை

இங்கிலாந்தின் தென்கரை நகரான ஹேஸ்ரிங்ஸில், நோயுற்றுக் கிடந்த தம்பியின் அருகே அமர்ந்து பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கதை சொல்லத் தொடங்கினாள். தம்பிக்குக் குருதி எளிதில் உறையாத நோய். ஓடியாடித் திரியும் வயதில் முடங்கிக் கிடந்த அச்சிறுவனின் பொழுது போவதற்கென அவள் புனைந்த கதையில், பிரபுவொருவன் முகமூடியணிந்து வழிப்பறிக்காரனாக உலவினான். வாட்போர், குதிரைப்பாய்ச்சல், கடத்தல், மீட்பு என ஒரு நோயாளிச் சிறுவனால் அனுபவிக்கவியலாத அனைத்தும் அதில் இடம்பெற்றன. அக்கதை 'த பிளாக் மொத்' எனும் பெயரில் 1921இல் நூலாக வெளிவந்தபோது அதை எழுதியவளுக்கு வயது பத்தொன்பது.

அப்பெண்ணே ஜோர்ஜெற் ஹேயர். 1902இல் விம்பிள்டனிற் பிறந்து 1974இல் மறைந்த அவர், ஐம்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். துப்பறியும் கதைகளும் அவற்றுள் அடங்கும். எனினும் அவர் பெயரோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்டது 'றீஜென்சி'க் காலமேயாகும். இலக்கிய வரலாறுகள் அவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை; வாசகரோ அவருடைய நூல்களைத் தாள் கிழியும்வரை படித்தனர். அறிஞரின் புறக்கணிப்பு, வாசகரின் பேரன்பு ஆகிய இரண்டுக்குமிடையே சரிவரக் கேட்கப்படாத வினாவொன்று உண்டு. இறந்துபோன ஒரு காலத்தை நம்பத்தகுந்த கதையாக ஆக்குதற்கு எழுத்தாளர் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும்? அவற்றை அறிந்துவிட்டால் மட்டும் வரலாறு கைகூடிவிடுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஹேயரின் வாழ்வையும் உழைப்பையும்விடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

முதலில் அக்காலத்தை நோக்குதல் வேண்டும். 1810ஆம் ஆண்டின் இறுதியில், அன்பு மகள் அமீலியாவின் மரணத்தை அடுத்து, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் உளநிலை மீளவியலாதவாறு குலைந்தது. 1811 பெப்ரவரியில் நாடாளுமன்றச் சட்டமொன்றின்படி மூத்த மகன் மன்னருக்குப் பதிலாக ஆளும் 'றீஜென்ற்' ஆகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரி 29இல் மன்னர் இறக்கும்வரை நீடித்த அவ்வொன்பது ஆண்டுகளே றீஜென்சிக் காலம் எனப்படும். இலண்டனின் உயர்குடியினர் அக்காலத்தே தமக்கெனத் தனியுலகமொன்றை வகுத்துக்கொண்டனர். அல்மக்ஸ் என்ற மண்டபத்திற் புதன்கிழமை இரவுகளில் நிகழ்ந்த நடனவிருந்துக்குச் செல்வதாயின் சீமாட்டிகள் சிலரைக் கொண்ட குழுவின் அனுமதிச்சீட்டு வேண்டும். செல்வம் மட்டும் அச்சீட்டைப் பெற்றுத்தராது. பிரபுக் குடியிற் பிறவாத போ பிறம்மல் என்பவர், கஞ்சியிட்ட கழுத்துத்துணியைக் கட்டும் நேர்த்தியாலும் கூரிய நாவாலும் அவ்வுலகின் நடையுடை பாவனைகளுக்கே சட்டம் வகுத்தார். 1816இற் சூதாட்டக் கடன் தாளாது பிரான்சுக்குத் தப்பியோடிய அவர், 1840இல் வறுமையிலும் மனநோயிலும் மடிந்தார். மேலே மினுக்கும் கீழே ஆழங்காணவியலாக் கடனுமாக இருந்த அச்சமூகத்துக்கு அவர் வாழ்வே நல்ல குறியீடாகும்.

இக்காலத்தைப் பற்றிய வரலாற்றுக் கதைகளை ஆராய்வோர் கருத்திற்கொள்ளவேண்டிய செய்தியொன்று உளது. வரலாற்று நாவல் என்ற வடிவமே இக்காலத்திற்றான் வேரூன்றியது. வோல்ரர் ஸ்கொற் எழுதிய 'வேவர்லி' 1814இல் வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஸ்கொற்லாந்துக் கிளர்ச்சியை அது பொருளாகக் கொண்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஜேன் ஒஸ்ரினின் 'எம்மா' வெளிவந்தது. றீஜென்ற் இளவரசரின் விருப்பம் குறிப்பாகத் தெரிவிக்கப்பட்டமையால் அந்நாவல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. இளவரசரின் நூலகர் பின்னர் ஒஸ்ரினுக்குக் கடிதமெழுதி, ஐரோப்பிய அரசகுலமொன்றைப் பற்றி வரலாற்றுக் காதற்கதையொன்று எழுதலாமே என ஆலோசனை கூறினார். ஒஸ்ரின் பணிவும் நகைச்சுவையும் கலந்து அதனை மறுத்தார். தாம் அறிந்த நாட்டுப்புறக் குடும்பங்களே தமக்குப் போதும் என்பது அவர் விடையின் சாரம்.

ஒஸ்ரின் மறுத்ததன் நியாயம் எளிதில் விளங்கும். தம் காலத்தைப் பற்றி எழுதுபவருக்கு எதையும் விளக்கவேண்டிய கடமை இல்லை. வண்டியின் வகையைப் பெயராற் சுட்டினால் அதன் உரிமையாளருடைய வருவாயும் தன்முனைப்பும் வாசகருக்குப் புலனாகிவிடும். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து எழுதுபவர் நிலை அத்தகையதன்று. வாசகர் அறியாததை அறிவித்தல் வேண்டும். அறிவிப்பது தெரியாமலும் இருத்தல் வேண்டும். சட்டமும் பாதையும் நாழிகையும்கூடக் கதையின் போக்கைக் கட்டுப்படுத்தும். 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதவர் பெற்றோர் இசைவின்றி அனுமதிப்பத்திரம் பெற்று மணஞ்செய்தல் இயலாது. அச்சட்டம் ஸ்கொற்லாந்துக்குச் செல்லாது. எனவே காதலர் எல்லைப்புற ஊராகிய கிறெற்னா கிறீனுக்கு ஓடினர். இலண்டனிலிருந்து அவ்வூர் முந்நூறு மைல்களுக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. இடையிடையே குதிரைகளை மாற்றுதல் வேண்டும்; சுங்கச்சாவடிகளில் நிற்றல் வேண்டும்; ஒவ்வொரு தங்கலுக்கும் பணம் வேண்டும். அவர்கள் ஓரிரவில் ஊர்போய்ச் சேர்ந்தனர் என எழுதும் ஆசிரியர், காதலை எத்துணை அழகாக வருணித்தாலும், அறிந்தவர் முன் நகைப்புக்கிடமாவார்.

ஹேயர் அவ்வாறு நகைப்புக்கிடமாகாதிருக்க உழைத்த உழைப்பு ஓர் ஆராய்ச்சி மாணவரின் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். ஆயினும் அவர் மறைந்தபோது வரலாற்று உசாத்துணை நூல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை அவர் இல்லத்தில் இருந்தன. பிரபுக் குடும்பங்களின் வரலாறு முதல் மூக்குத்தூட் சிமிழ்கள், வழிகாட்டிப் பலகைகள், ஆடையணிகள் ஆகியவற்றின் வரலாறுவரை அவற்றுள் அடங்கும். படித்தவற்றை அவர் குறிப்பட்டைகளில் எழுதி, ஆடை, தொப்பி, நிறங்கள், வீட்டுப்பொருள், கடைகள், விலைகள் எனத் தலைப்பிட்டு அடுக்கிவைத்தார். உணவும் பாத்திரங்களும், அன்புச் சொற்கள், ஒருவரையொருவர் விளிக்கும் முறைகள் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிப்பேடுகள் இருந்தன. குறித்த ஓராண்டில் மெழுகுவர்த்தி என்ன விலை விற்றது என்பதும் அக்குறிப்புகளிற் காணப்படுகின்றது. வெலிங்டன் பிரபு எவ்வாறு எழுதுவார் என்பதை நேரிற் கண்டறியும்பொருட்டு, அவர் எழுதிய கடிதமொன்றை ஹேயர் விலைகொடுத்து வாங்கினார்.

இவ்விடத்து மாணவர் உலகம் சற்று அதிர்ச்சியுறக்கூடிய உண்மையொன்றையும் சொல்லுதல் வேண்டும். இத்துணைக் குறிப்புகளையும் தொகுத்த ஹேயர், அவற்றை எந்நூலில் கண்டார் என்பதைப் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. அடிக்குறிப்பின்றி ஒரு பந்தியும் எழுதக்கூடாதெனப் பழக்கப்பட்டோர்க்கு இது பெருங்குற்றமாகத் தோன்றும். ஆயின் அவர் தேடியது சான்றன்று, பழக்கம். ஆண்டுக்கணக்காக அக்குறிப்புகளோடு வாழ்ந்து, அவற்றை மறந்தாலும் கை மறவாத நிலையை எய்துவதே அவர் நோக்கம். வரலாற்றாசிரியர் தாம் அறிந்ததைக் காட்டுதல் வேண்டும். நாவலாசிரியர் அதை உட்கொண்டு செரித்தல் வேண்டும். தேடியவற்றையெல்லாம் பக்கந்தோறும் கொட்டி வைக்கும் வரலாற்று நாவல்கள் பண்டகசாலைகளாகவே முடிகின்றன.

மொழித்துறையிலே அவருடைய வெற்றியும் அதன் விளைவும் தனித்து நோக்கத்தக்கன. றீஜென்சி இளைஞர் குதிரைக்காரரிடமும் குத்துச்சண்டை வீரரிடமும் திருடரிடமுங்கூடச் சொற்களைக் கடன்வாங்கிப் பேசினர். பிரான்சிஸ் குறோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியும், பியர்ஸ் ஈகன் குத்துச்சண்டை பற்றியும் இலண்டன் வாழ்க்கை பற்றியும் எழுதியவையும் அத்தகைய சொற்களுக்குக் களஞ்சியங்கள். ஹேயர் அச்சொற்களை வெறும் அணியாகப் பயன்படுத்தவில்லை. பாட்டியின் முன் பேசும் சொல் வேறு, குதிரைலாயத்திற் பேசும் சொல் வேறு என்பதை அறிந்து, பாத்திரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வழங்கினார். வாசகர் அகராதியைத் தேடாமலே பொருளை உணர்ந்தனர். பின்னர் அவரைப் பின்பற்றி எழுதியோர் சிலரின் நூல்களில் இச்சொற்களே பொருளறியாது இடம்மாறிக் கிடந்தன. ஹேயர் சினந்து அப்பிழைகளைப் பட்டியலிட்டார். அவர் சினத்திலே உரிமைக்குரலோடு ஓர் ஆய்வாளரின் வேதனையும் கலந்திருந்தது. மூலத்தைத் தேடாது, மூலத்தைத் தேடியவரைப் படியெடுப்போர் எத்துறையிலும் உளர்.

அவருடைய உழைப்பின் உச்சம் 1937இல் வெளிவந்த 'அன் இன்பேமஸ் ஆமி' எனும் நாவலாகும். 1815ஆம் ஆண்டின் கோடையில் புறசல்ஸ் நகரிற் கூடியிருந்த ஆங்கில உயர்குடியினரிடையே கதை தொடங்குகின்றது. காதல், பிணக்கு, நடனவிருந்து என நகர்ந்து, ஜூன் 15ஆம் திகதி இரவு றிச்மன்ட் சீமாட்டி அளித்த புகழ்பெற்ற விருந்தை அடைகின்றது. நெப்போலியனின் படை நெருங்கிவிட்ட செய்தி அவ்விருந்தினிடையே வந்தது வரலாறு. நடனவுடையைக் களையவும் நேரமின்றி அதிகாரிகள் சிலர் போர்முனைக்கு விரைந்தனர். மூன்றாம் நாள் வோட்டர்லூ. ஹேயர் அப்போரைப் படைப்பிரிவு படைப்பிரிவாக, மணிக்கு மணி பின்தொடர்கின்றார். வெலிங்டனின் வாயில் வரும் சொற்களை அவருடைய கடிதங்களிலிருந்தும் உடனிருந்தோர் பதிவுகளிலிருந்தும் இயன்றவரை எடுத்தாண்டார். சண்ட்ஹேர்ஸ்ற் இராணுவக் கல்லூரியில் இந்நாவல் மாணவருக்குப் பரிந்துரைக்கப்பட்டதாகக் கூறுவர்.

1940இல் வெளிவந்த 'த ஸ்பானிஷ் பிறைட்' இன்னும் ஒருபடி முன்செல்கின்றது. 1812 ஏப்பிரலில் ஆங்கிலேயர் ஸ்பெயினின் படஹோஸ் கோட்டையைக் கைப்பற்றியபின், தம் நேச நாட்டு மக்களின் வீடுகளிலேயே புகுந்து நாட்கணக்கிற் கொள்ளையும் வன்செயலும் புரிந்தனர். அக்கொடுமையினின்று தப்பி ஆங்கிலேய முகாமில் அடைக்கலம் புகுந்த பதினான்கு வயதுச் சிறுமி ஹூவானாவை, இளம் அதிகாரியான ஹரி ஸ்மித் சில நாட்களுள் மணந்தார். இருவரும் உண்மை மாந்தர். தென்னாபிரிக்காவின் லேடிஸ்மித் நகர் அவ்வம்மையாரின் நினைவாகப் பெயர்பெற்றது. ஹரி ஸ்மித்தின் தன்வரலாற்றையும் அக்காலப் போர்வீரர் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு ஹேயர் அக்கதையை அமைத்தார்.

ஹேயரின் வோட்டர்லூ நாவல் உருவாகிய 1936–37 காலத்திலேயே, மாஸ்கோவில் அகதியாக வாழ்ந்த ஹங்கேரிய அறிஞர் ஜோர்ஜ் லூக்காச் 'வரலாற்று நாவல்' எனும் தம் நூலை எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே வினாவின் இரு முனைகளில் நின்றனர் எனலாம். ஸ்கொற்றின் பெருமை பழம்பொருள்களை அடுக்கிக் காட்டியதில் இல்லை என்பது லூக்காச்சின் முடிபு. சமூக சக்திகள் மோதும் நெருக்கடியைச் சாதாரண மாந்தர் வாழ்வினூடாகப் புலப்படுத்தியமையே அப்பெருமை. உடையும் தளபாடமும் சரியாக இருத்தல் வரலாற்றுணர்வுக்குப் பதிலாகாது. இவ்வளவுகோலால் அளப்பின் ஹேயரின் பெரும்பாலான நாவல்கள் குறைவுடையனவே. ஆயின் 'குறைவுடையன' எனத் தீர்ப்புக்கூறி நகர்ந்துவிடுவதால் பயனில்லை. குறை எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும். அதற்கு அவருடைய மெழுகுவர்த்திக் குறிப்பையே எடுத்துக்கொள்ளலாம்.

அக்காலப் பிரித்தானியாவில் ஒளிக்கும் வரி இருந்தது. தேன்மெழுகுத் திரிக்கு உயர்ந்த வரி. விலங்குக் கொழுப்பினாலான திரிக்குக் குறைந்த வரி. 1831இலேயே அவ்வரி நீக்கப்பட்டது. அல்மக்ஸ் மண்டபத்தையும் பிரபுக்களின் மாளிகைகளையும் தேன்மெழுகுத் திரிகள் நூற்றுக்கணக்கில் ஒளிரச்செய்தன. நடுத்தரக் குடும்பங்கள் புகையும் முடைநாற்றமும் கொண்ட கொழுப்புத்திரியை எண்ணியெண்ணி ஏற்றின. கூலியாட்களின் குடிசைகளில் நாணற்றண்டின் உட்சோற்றைக் கொழுப்பில் தோய்த்தெடுத்த திரி எரிந்தது. அதற்கு வரியில்லை. தாம் அவ்வொளியிலேயே வளர்ந்ததை வில்லியம் கொபெற் 1822இல் குடிசைப் பொருளாதாரம் பற்றிய தம் நூலிற் பெருமையோடு கூறுகின்றார். ஆகவே மெழுகுவர்த்தியின் விலையை அறிந்த எழுத்தாளர் ஒரு காலத்தின் சமூக அமைப்பு முழுவதற்குமான திறவுகோலைக் கையில் வைத்திருக்கின்றார். அதைக்கொண்டு எக்கதவைத் திறக்கின்றார் என்பதே வினா. ஹேயர் முதலாவது கதவைத் திறந்தார்; இரண்டாவதைச் சிலவேளை தட்டினார்; மூன்றாவதன் முன் அவர் நின்றது மிகக்குறைவு.

மூன்றாம் கதவுக்கப்பால் நிகழ்ந்தவை சிறியவையல்ல. 1811 முதல் நொட்டிங்ஹாம் பகுதித் தொழிலாளர் தம் பிழைப்பைக் குலைத்த காலுறை பின்னும் பொறிகளை உடைத்தனர். பொறியுடைப்போருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் வந்தது. அதை எதிர்த்துப் பெப்ரவரி 27இல் பிரபுக்கள் சபையில் தம் கன்னியுரையை நிகழ்த்தியவர் கவிஞர் பைரன். இரு வாரங்களுக்குள் அவருடைய 'சைல்ட் ஹரோல்ட்' வெளியாக, இலண்டனின் வரவேற்பறைகள் யாவும் அவரை அழைத்தன. தொழிலாளியின் தூக்குமேடையும் சீமாட்டியின் நடனமண்டபமும் ஒரே மனிதனின் ஒரே மாத வாழ்வில் அடுத்தடுத்து நின்றன. 1819 ஓகஸ்ற் 16இல் மன்செஸ்ரரில், வாக்குரிமை வேண்டி அமைதியாகக் கூடிய பல்லாயிரவர்மீது குதிரைப்படை பாய்ந்து பதினைந்துபேருக்குக் குறையாதோரைக் கொன்றது. வோட்டர்லூவின் பெயரை நையாண்டியாக ஒட்டி அதனைப் 'பீற்றர்லூ' என்றனர்.

நடனமங்கை உடுத்த வெண்மஸ்லின் உடையும் இதே கதையைச் சொல்லும். ஹேயர் அவ்வுடையின் வெட்டையும் தையலையும் நிறத்தையும் நுணுக்கமாக அறிந்திருந்தார். ஆயின் லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பருத்தியின் பெரும்பங்கு அமெரிக்காவின் தென்பகுதியிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அடிமைகளாக்கப்பட்டோரின் உழைப்பால் விளைந்தது. தேநீரில் இட்ட சீனியும் அவ்வழி வந்ததே. அடிமை வாணிகம் 1807இல் தடைசெய்யப்பட்டபோதும், குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேயே நிறைவேறியது. அப்போது இரண்டு கோடி பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அது அடிமைகளாக இருந்தோருக்கன்று, உரிமையாளருக்கு. அவ்வாறு பெற்றோரின் பெயர்களை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் தொகுத்து 2013இல் யாவரும் காணுமாறு வெளியிட்டனர். நாட்டுப்புற மாளிகைகள் சிலவற்றின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது இன்று பெயரோடும் தொகையோடும் தெரியவருகின்றது.

இலங்கைக்கும் அக்காலத்தோடு நேரான தொடர்பு உண்டு. 1815 மார்ச் 1இல் எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் கரையில் இறங்கினான். ஹேயரின் புறசல்ஸ் கதைக்கு மூலகாரணம் அதுவே. அதற்கு மறுநாள், மார்ச் 2இல், கண்டி அரண்மனை மண்டபத்தில் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரால் மட்டுமன்றி றீஜென்ற் இளவரசரின் பெயராலும் அதைச் செய்தார். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் சிம்மாசனம் வின்சர் மாளிகைக்குச் சென்று 1934இலேயே திரும்பி வந்தது. 1817–18இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. புறசல்ஸ் விருந்தில் ஆடிய அதிகாரிகளின் மேலங்கியும், கண்டிக்குப் படையெடுத்துச் சென்ற அதிகாரிகளின் மேலங்கியும் ஒரே அரசின் சீருடைகளே. றீஜென்சிச் சமூகம் என்பது இலண்டனின் சில தெருக்களோடு முடிந்துபோன உலகமன்று.

எழுதாமல் விட்டதைக் குற்றமாகச் சாட்டுதல் எளிது. ஒரு நாவல் எல்லாவற்றையும் கூறவேண்டுமென்பதில்லை. ஒஸ்ரினும் போரைக் களத்தில் நின்று எழுதவில்லை. ஆயின் விடுபட்டது பார்வையைத் திரிக்கும்போது அது கலைக்குற்றமுமாகின்றது. 1950இல் வெளிவந்த 'த கிறான்ட் சோபி' எனும் நாவலில் வட்டிக்குக் கடன்கொடுக்கும் யூதர் ஒருவர் தோன்றுகின்றார். அழுக்கும் பேராசையும் வஞ்சகமுமாகப் பழைய வெறுப்புருவமொன்று அங்கே மறுபடி வரையப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. யூதமக்களுக்கு நேர்ந்த பேரழிவை உலகம் அறிந்திருந்தது. அவ்வத்தியாயத்தின் வண்டியும் உடையும் பேச்சும் காலத்துக்குப் பொருந்தியனவாக இருக்கலாம். மனிதரைப் பார்த்த கண்ணிலேதான் பிழை இருந்தது. குறிப்பட்டைகள் எத்துணை நிறைந்திருப்பினும் அப்பிழையை அவை திருத்தித்தரா.

அதே ஹேயர்தான் 1961இல் 'எ சிவில் கொன்ராக்ற்' எனும் நாவலை எழுதினார். போர்முனையிலிருந்து திரும்பும் அடம் டெவெறில் என்ற இளம்பிரபு, தந்தை விட்டுச்சென்ற கடனால் பரம்பரை நிலத்தையே இழக்கும் நிலையில் இருக்கின்றான். காதலித்தவளை விடுத்து, பெருவணிகர் ஒருவரின் அழகற்ற மகள் ஜெனியை மணக்கின்றான். வணிகரின் பணமும் பிரபுவின் பட்டமும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. வடிகாலும் பயிர்ச்சுழற்சியும் பற்றி அவன் கற்கின்றான். வோட்டர்லூச் செய்தி வருமுன் ஏற்பட்ட பீதியில், மாமனாரின் அறிவுரையை மீறி அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கித் தன் பொருள்நிலையைத் தானே மீட்கின்றான். முடிவில் மலர்வது காதல் வேகமன்று. ஒருவர்க்கொருவர் பழகிப்போன பரிவு. அது வாசகர் சிலருக்கு ஏமாற்றத்தை அளித்தது. ஆயினும் நிலவுடைமையும் வணிகமூலதனமும் கைகோத்த வரலாற்று நிகழ்வை ஒரு குடும்பத்தின் உணவுமேசையில் காட்டியது அந்நாவல். லூக்காச் வேண்டியதற்கு ஹேயர் மிக அண்மித்த இடம் போர்க்களமன்று, இந்த உணவுமேசையே எனலாம்.

இவ்வாற்றல் அவரிடம் இருந்தும் முழுமையாக வெளிப்படாமைக்கு அவர் வாழ்வில் விடை உண்டு. 1925இல், திருமணம் நிச்சயிக்கப்பட்டு ஒருமாத அளவில், தந்தை திடீரென இறந்தார். இளைய சகோதரரின் படிப்புக்கும் தாயின் வாழ்வுக்கும் உதவும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. 1926இல் பொது வேலைநிறுத்தத்தினிடையே, விளம்பரமும் மதிப்புரையுமின்றி வெளிவந்த 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' 190,000 படிகள் விற்பனையாயிற்று. விளம்பரம் வேண்டியதில்லை என அன்று கண்டவர், பின்னர் வாழ்நாள் முழுவதும் பேட்டியளிக்க மறுத்தார். அவர் உள்ளம் நாடியது இடைக்கால இங்கிலாந்தை. ஐந்தாம் ஹென்றியின் தம்பி ஜோன் கோமகனைப் பற்றி மூன்று பாகங்களில் பெருநாவலொன்றை எழுத ஆண்டுக்கணக்காக ஆயத்தஞ் செய்தார். வருமானவரித் திணைக்களத்தின் கோரிக்கை வரும்போதெல்லாம் அக்கையெழுத்துப்படியை மூடிவைத்து, விரைவில் விற்கும் றீஜென்சிக் காதற்கதையொன்றை எழுத நேர்ந்தது. முதற்பாகமும் முற்றுப்பெறாத நிலையில் அவர் மறைந்தார். 'மை லோட் ஜோன்' என்ற பெயரில் 1975இல் கணவரின் முன்னுரையோடு அது வெளிவந்தது. உலகம் விரும்பிய நூல்களை அவர் தாழ்வாகவே பேசினார். அவர் உயர்வாக மதித்த நூலை அவரால் முடிக்க இயலவில்லை.

1942 முதல் 1966 வரை அவர் இலண்டனின் அல்பனி மனையில் வாழ்ந்தார். பைரன் 1814இற் குடியிருந்த அதே கட்டடம். போர்க்கால இருட்டடிப்பின்போது, தேன்மெழுகுத் திரிகளின் ஒளி நிறைந்த மண்டபங்களை அவர் அங்கிருந்தே எழுதினார். 'பிறைடேஸ் சைல்ட்' எனும் நகைச்சுவை நாவல் 1944இல் வெளிவந்தது. வாசகர் கடிதங்களைப் பேணும் வழக்கமில்லாத அவர், இந்நாவல் பற்றிய ஒரேயொரு கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். எழுதியவர் ருமேனியாவில் அரசியற் கைதியாக இருந்த ஒரு பெண். பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாழ்வில், நினைவிலிருந்த அக்கதையை உடன்கைதிகளுக்குத் திரும்பத்திரும்பச் சொல்லி, தம்மையும் அவர்களையும் மனங்குலையாது காத்ததாக அவர் எழுதியிருந்தார்.

நோயுற்ற தம்பிக்குச் சொன்ன கதையைப் போலவே அதுவும் எழுந்து நடமாட இயலாதோரிடம் சென்று சேர்ந்தது. அச்சிறைக்கூடத்தில் இருந்தோர் றீஜென்சிச் சமூகத்தின் அநீதிகளை அறியாதவர்களல்லர். அநீதி என்ன என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவர்? அவர்களுக்கு வேண்டியிருந்தது, உருண்டோடும் வண்டியின் ஒலியையும் உணவின் மணத்தையும் நம்பக்கூடியதாக இருந்த வேறோர் உலகம். பொய்யான விவரங்களால் அமைந்த உலகம் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கியிராது. ஹேயரின் உழைப்பை எள்ளிநகையாடுவோர் இதை எண்ணுதல் வேண்டும். அவரைப் போற்றுவோர் எண்ணவேண்டியதும் உண்டு. மாளிகையின் மெழுகுத்திரியை அவர் ஏற்றிவைத்த நேர்மையோடே நெசவாளியின் நாணற்றிரியையும் கண்டியின் தீப்பந்தத்தையும் ஏற்றவேண்டிய பணி எஞ்சியிருக்கின்றது. அப்பணியை மேற்கொள்வோர் அவரிடமிருந்து கற்கவேண்டியது கதைப்பின்னலையன்று. ஒரு திரி என்ன விலை விற்றது என அறியும்வரை வாக்கியத்தைத் தொடங்காத அவருடைய மனத்தையே.